சரிவில் சோளம்: பசளையும் தண்ணீரும் ஒரே வேலை

இலங்கை மலைநாட்டில் சோளம் (மக்காச்சோளம்) மஞ்சளடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதல் ஆளாகச் சொல்வது, "யூரியா பத்தல" என்பதுதான். பெரும்பாலான துண்டுகளில் யூரியா போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. போட்ட அன்று பின்னேரம் கொட்டிய மழையோடு அது கானில் (வடிகாலில்) இறங்கி, கீழ்த் துண்டின் புல்லுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மறுபடி போட்டால் மறுபடியும் புல்தான் செழிக்கும்.

சமநிலத்தில் தண்ணீரை ஒரு வேலையாகவும் பசளையை இன்னொரு வேலையாகவும் பார்த்துச் சமாளிக்கலாம். சரிவில் அது நடக்காது. தண்ணீர் ஓடினால் பசளையும் கூடவே ஓடும். தண்ணீர் இல்லாவிட்டால் பசளை மேல்மண்ணில் உப்பாகக் கிடந்து வேரைச் சுடும். யூரியாவாக இருந்தால் ஒரு பங்கு ஆவியாகவும் போகும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அளவுகள் எல்லாம் பேர்ச்சஸ் கணக்கில். லயத்துக்குப் (தோட்ட வரிசை வீட்டுக்குப்) பின்னால் இருக்கிற துண்டுக்கு ஏக்கர் கணக்கு உதவாது. ஏழு பேர்ச்சஸ் வீட்டுக்காணியில் வீட்டையும் வாசலையும் கழித்தால் மூன்று, நான்கு பேர்ச்சஸ் மிஞ்சினாலே பெரிய விசயம். ஒரு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 25 சதுர மீற்றர். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 30 சென்ரிமீற்றர் விட்டு, குழிக்கு ஒரு செடி நிறுத்தினால் ஒரு பேர்ச்சஸில் 140 செடி நிற்கும். இந்த 140ஐ மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்குகள் எல்லாம் எளிது. துண்டு சின்னதாக இருந்தாலும் நான்கு வரிசைக்குக் குறையாமல் கட்டமாக நடுங்கள். கல்லுக்கட்டு (சரிவில் மண்ணைத் தாங்கும் கல் வரம்பு) ஓரமாக நீளத்துக்கு ஒற்றை வரிசை வைத்தால் மகரந்தம் காற்றோடு போய்விடும்; பொத்தியில் (கதிரில்) பாதிப் பல்லு (மணி) இல்லாமல் போயிருக்கும். அதற்கு எந்தப் பசளையும் மருந்தில்லை.

எந்தப் பக்கம், எப்போது

ஊவாப் பக்கமும் மேற்குச் சரிவும் ஒன்றல்ல. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை ஆகிய இடங்களுக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பின்னேர இடிமழை கிடைக்கும். ஜூன் முதல் ஒகஸ்ட் வரை காய்ந்த காற்று. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, வெயிலே தலைகாட்டாது. அங்கே சோளத்துக்குத் தண்ணீர் கட்டுவதைவிடத் தண்ணீரை வெளியேற்றுவதுதான் வேலை. மழைக்காலத்தில் அங்கே சோளம் வைப்பதே எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. வைப்பதானால் அந்தப் பருவமழைக்கு முன்னரே பொத்தி பிடிக்கும்படி நாளைக் கணக்குப் பாருங்கள்.

இனி எழுதுவது பெரும்பாலும் ஊவாவுக்கும், அதைப் போன்ற மழை கிடைக்கிற வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கத்துக்கும் பொருந்தும். பெரும்போகத்தில் (ஒக்டோபர் மழைப் பருவம்) முதல் மழை மண்ணை ஓர் அடி நனைத்ததும் விதைக்கலாம். சிறுபோகத்தில் மார்ச் கடைசியில் விதைத்தால், ஆண் பூ வருவதும் பொத்தி நுனியில் பட்டு நூல் (பெண் பூவின் இழை) தள்ளுவதும் சரியாக ஜூன் மாதக் காற்றில் போய் மாட்டும். சிறுபோகச் சோளம் தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

உயரம் ஏற ஏறச் செடி மெதுவாக வளரும். விதைப் பொதியில் எழுதியிருக்கும் நாட்கணக்கு கீழ்நாட்டு வெப்பத்துக்கானது. ஆயிரம் மீற்றருக்கு மேலே அதை நம்பி "நாலாவது வாரம் மேற்கட்டுப் பசளை" (செடி வளர்ந்த பின் இடுவது) என்று போட்டால் செடி அதற்குத் தயாராக இருக்காது. நாளை எண்ணாமல் இலையை எண்ணுங்கள். தண்டைச் சுற்றிக் கழுத்து தெளிவாகத் தெரிகிற இலைகளை மட்டும் எண்ண வேண்டும். குருத்துக்குள் சுருண்டிருப்பவை கணக்கில் வராது.

முதலில் மண்

மலைநாட்டின் சிவப்பு மஞ்சள் மண் புளித்த மண். தேயிலை பிடுங்கிய துண்டில் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூட) 4.5, 5 என்று இருப்பது சாதாரணம். தேயிலைக்கு அது இதமாக இருக்கும். சோளம் 5.5க்கு மேலே, முடிந்தால் 6 பக்கம் இருந்தால்தான் ஒழுங்காக வேர்விடும். புளிப்பு கூடிய மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கட்டையாக்கும். கட்டை வேருக்குத் தண்ணீர் ஓர் அடி கீழே இருந்தும் எட்டாது. அதே அலுமினியமும் இரும்பும் பொசுபரசை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டீ.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை) போட்டும் நாற்று ஊதா நிறமாக நிற்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதி, இரவுக் குளிர்.

இதற்கு டொலமைட் போதும். கவ்வாத்து வெட்டும் காலத்தில் தேயிலைக்கு இறைக்கிற அதே தூள். பிஎச் 5க்குக் கீழே என்றால் பேர்ச்சஸுக்கு 5 கிலோ, 5க்கும் 5.5க்கும் இடையில் என்றால் 2.5 கிலோ. விதைப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே இறைத்து, முள்ளு (மண் கிளறும் கவர்க்கருவி) குத்திப் புரட்டி, அரை அடி ஆழத்துக்குக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டால் மேலேயே கிடக்கும். யூரியாவோடு ஒரே நாளில் போடக்கூடாது; யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும். டீ.எஸ்.பி.யோடும் போடக்கூடாது, அது சுண்ணாம்போடு இறுகும். டொலமைட்டில் மக்னீசியமும் இருப்பதால், அடியிலைகளில் நரம்புகளுக்கிடையே வெளுத்த கோடு விழுகிற குறையும் கூடவே தீரும்.

பிஎச் தெரியாமல் டொலமைட் போடாதீர்கள். மண்ணைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கட்டிக்கொண்டு போனால் போதும். எங்கே கொடுப்பது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கேட்கும்போது பொசுபரசு அளவையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். வெலிமடை, ஊவா பரணகம, நுவரெலியாப் பக்கத்தில் வருடக்கணக்காக உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்ட மண்ணில் பொசுபரசு தேங்கிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட துண்டில் சோளத்துக்கு டீ.எஸ்.பி. வாங்குவது காசைக் கானில் போடுவதுதான். அதுமட்டுமல்ல, பொசுபரசு மிஞ்சினால் செடிக்கு நாகம் (சிங்க்) கிடைக்காது. குருத்திலையின் அடிப்பாகத்தில் வெள்ளைப் பட்டை விழும்.

பசளை: எவ்வளவு, எங்கே, எப்போது

கலப்பினச் சோளத்துக்கு இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் அளவைப் பேர்ச்சஸுக்கு மாற்றினால் இப்படி வரும். அடிக்கட்டுப் பசளையாக (விதைக்கும்போது இடுவது) யூரியா 190 கிராம், டீ.எஸ்.பி. 250 கிராம், எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) 125 கிராம். மேற்கட்டுப் பசளையாக யூரியா 620 கிராம். மொத்த யூரியா 810 கிராம். செடிக்கு ஆறு கிராமுக்கும் குறைவு. ஒரு கைப்பிடி அள்ளிச் செடிக்குச் செடி வீசுகிறவர்கள் போடுவது இதைப் போலப் பல மடங்கு.

கிராமை எப்படி அளப்பது? சோடாப் போத்தல் மூடி ஒன்றை எடுங்கள். அதில் யூரியாவை மட்டமாக அள்ளி இருபது மூடி ஒரு பையில் போட்டு, கடைத் தராசில் நிறுத்து, இருபதால் பிரியுங்கள். உங்கள் மூடிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். டீ.எஸ்.பி.க்கும் எம்.ஓ.பி.க்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் கனம் வேறு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, பிறகு விலையும் ஏறியதிலிருந்து, யூரியாவைக் கிராமில் எண்ணுவதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

டீ.எஸ்.பி.யைத் துண்டு முழுக்க வீசக்கூடாது. இந்த மண்ணில் அது எவ்வளவு அதிகமான மண்ணைத் தொடுகிறதோ அவ்வளவுக்கு இறுகிப்போகும். விதைக்குழிக்கு இரண்டு விரல் பக்கத்தில், விதையைவிடக் கொஞ்சம் ஆழத்தில், மக்கிய எருவோடு கலந்து ஒரு கோடாக வையுங்கள். விதையைத் தொடக்கூடாது. விலை குறைவென்று எப்பாவல பாறைப் பொசுபேற்றை மட்டும் போடுகிறவர்களும் உண்டு. அது புளித்த மண்ணில் கரையும், ஆனால் மெதுவாக. தேயிலைக்குச் சரி, நான்கு மாதப் பயிர் அதை நம்பிப் பசியோடு நிற்கும்.

யூரியாவைத்தான் பிரித்துப் போட வேண்டும். மேற்கட்டை ஒரே தடவையில் போடுவது சமநிலத்துப் பழக்கம். மலைச்சரிவில், அதுவும் பெரும்போகத்தில், 620 கிராமை இரண்டாகப் பிரியுங்கள். முதல் 310 கிராம் ஆறு இலைக் கழுத்து தெரிகிறபோது. செடி முழங்கால் உயரம் இருக்கும். அதுவரை மண்ணுக்குள் இருந்த வளர்நுனி அப்போதுதான் வெளியே வருகிறது. பொத்தியில் எத்தனை வரிசைப் பல்லு என்பது அடுத்த சில நாட்களில் முடிவாகிறது. அடுத்த 310 கிராம் பத்து, பதினொரு இலையில். அதற்குப் பிறகு பூ வரும் வரைதான் செடி நைதரசனை மடமடவென்று இழுக்கும். பூ வந்த பின் போடுகிற யூரியா இலையைப் பச்சையாக வைத்திருக்கும், பொத்தியைப் பெருப்பிக்காது.

இடமும் முக்கியம். செடியிலிருந்து நான்கு விரல் தள்ளி, சரிவின் மேல் பக்கத்தில், கூரான குச்சியால் இரண்டங்குலக் குழி குத்தி, யூரியாவைப் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். மேல் பக்கத்தில் வைத்தால் கரைந்து இறங்குவது வேர் வழியாக இறங்கும். கீழ்ப் பக்கத்தில் வைத்ததைச் செடி திரும்பிப் பார்ப்பதற்குள் அது போய்விடும். மேலே தூவி மூடாமல் விட்ட யூரியா, ஈரமண்ணில் வெயில் பட்டால் இரண்டு மூன்று நாளிலேயே அமோனியாவாகப் போகத் தொடங்கும். மானாப் புல் மூடாக்குக்கு மேலே தூவினால் இன்னும் மோசம். புல்லை விலக்கிவிட்டுத்தான் குழி குத்த வேண்டும். குருத்துக்குள் யூரியாக் குருணை விழுந்தால் அந்த இடம் வெந்து, பின்னால் விரிகிற இலையில் வரிசையாக வெள்ளைத் தழும்பு வரும். அதைப் படைப்புழு என்று நினைத்து மருந்தடிக்கிறவர்கள் உண்டு. புழு என்றால் குருத்தில் மரத்தூள் போல எச்சம் கிடக்கும்.

நேரம்: ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் மழை பெரும்பாலும் பகல் இரண்டு மணிக்கு மேலேதான். காலையில், ஈரமான மண்ணில் போட்டு மூடிவிட்டால், பின்னேரம் பத்து மில்லிமீற்றர் மழை அதை வேருக்குக் கொண்டுபோகும். கறுத்துக் கட்டிய வானத்தில் ஐம்பது மில்லிமீற்றர் வரும்போலிருந்தால் அன்று போடாதீர்கள். காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு மழைக்காகப் பார்த்திருப்பதும் வேண்டாம்.

இரண்டாவது மேற்கட்டோடு சேர்த்து மண் அணைத்துவிடுங்கள். யூரியாவும் மூடப்படும், தண்டைச் சுற்றி வருகிற முட்டுவேருக்கும் பிடி கிடைக்கும். ஜூலைக் காற்று பசறைப் பக்கம் அடிக்கிற அடிக்கு அணைக்காத சோளம் நிமிர்ந்து நிற்காது.

மாட்டெரு இருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நன்றாக மக்கி உலர்ந்த எரு பேர்ச்சஸுக்கு 25 கிலோ போட்டால், அதில் ஒரு வீதம் நைதரசன் என்று வைத்தால் 250 கிராம். முதல் போகத்தில் அதில் கால்வாசி கிடைக்கும். அது ஏறத்தாழ 130 கிராம் யூரியாவுக்குச் சமம். ஆகவே எரு போட்டால் அடிக்கட்டு யூரியாவை 60 கிராமாகக் குறைக்கலாம். மேற்கட்டைக் குறைக்க வேண்டாம். எருவின் பெரிய லாபம் வேறு இடத்தில்: மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பொசுபரசை விட்டுக்கொடுக்கும். வீதியோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தியும் நல்ல பசளைதான். பூப்பதற்கு முன்னால் இலையையும் இளந்தண்டையும் மட்டும் வெட்டி, நறுக்கி, பேர்ச்சஸுக்கு 20 கிலோ வீதம் விதைக்கு மூன்று வாரம் முன்பு புதைத்தால் அடிக்கட்டு யூரியாவின் பெரும்பங்கை அது தந்துவிடும். பொட்டாசியமும் அதில் நிறைய.

தேயிலைக் கலவை உரம் கையில் இருக்கிறதென்று சோளத்துக்குப் போடுவது வேண்டாம். அதன் விகிதம் இலைக்காகச் செய்தது. அதில் அமோனியம் சல்பேற் இருந்தால், டொலமைட் போட்டுக் குறைத்த புளிப்பை மறுபடி ஏற்றும்.

கான் இல்லாமல் பாசனம் இல்லை

தண்ணீர் கட்டுவதைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரை வழியனுப்புவது. சோள நாற்று ஆறு இலை வரும்வரை அதன் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. கல்லுக்கட்டுக்குள் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் நாற்று மஞ்சளாகி அப்படியே செத்தும் போகலாம். அதற்கும் "யூரியா பத்தல" என்றுதான் சொல்வார்கள். வேருக்கு மூச்சில்லாத மண்ணில் யூரியாவிலிருந்து வந்த நைதரசனும் வாயுவாகப் போய்விடும். முதலில் தண்ணீர் வடிய வேண்டும், மண் கொஞ்சம் காய வேண்டும், அதற்குப் பிறகுதான் பசளை.

தேயிலை மலையில் பக்கக் கானை 120 அடிக்கு ஓர் அடி சரிவில் வெட்டுவார்களே, சோளத்துண்டுக்கும் அதே சரிவு சரி. அதைவிடச் செங்குத்தாக விட்டால் கானே மண்ணை அரித்துக்கொண்டு போகும். மட்டமாக விட்டால் நிரம்பி உடைக்கும். சோள வரிசை சரிவுக்குக் குறுக்காக, கானோடு ஒத்துப் போகட்டும். மேலிருந்து கீழாக வரிசை பிடித்தால் களை வெட்ட வசதிதான், ஆனால் ஒவ்வொரு வரிசையும் ஒரு சின்ன ஓடையாகிவிடும்.

எவ்வளவு தண்ணீர்

ஒரு மில்லிமீற்றர் மழை என்பது சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். பேர்ச்சஸுக்கு 25 லீற்றர். மலைநாட்டு மிதமான வெப்பத்தில் நாற்றுப் பருவத்தில் ஒரு பேர்ச்சஸ் சோளத்துக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் போதும். முழங்கால் உயரத்தில் 70. ஆண் பூ வந்து பட்டு நூல் தள்ளுகிறபோது 100 லீற்றர். காய்ந்த காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம் கூட. பொத்தி முற்றும்போது மறுபடி 60, 70க்கு இறங்கும்.

இந்த 100ஐ நன்றாகக் கவனியுங்கள். ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று பத்துப் பேர்ச்சஸ் சோளத்துக்கு ஒரே ஒரு நாள் தண்ணீர். சொட்டு நீர்க் குழாய் போட்டுவிட்டால் தண்ணீர் மிச்சம் என்று சொல்லி விற்பார்கள். குழாய் மிச்சப்படுத்துவது ஓடிப்போகிற தண்ணீரையும் வெறும் மண்ணிலிருந்து ஆவியாவதையும்தான். செடி இலை வழியாகக் குடிப்பதை எந்தக் குழாயும் குறைக்காது. இலை மூடிய சோளத்தில் பெரும்பங்கு அதுதான்.

ஆகவே தண்ணீர் குறைவான இடத்தில் எதைக் காப்பாற்றுவது என்று முதலே முடிவு செய்ய வேண்டும். ஆண் பூ எட்டிப் பார்க்கும் நாளிலிருந்து மூன்று வாரம். அந்த 21 நாளுக்குப் பேர்ச்சஸுக்கு 2,100 லீற்றர். நான்கு பேர்ச்சஸ் என்றால் 8,400. அவ்வளவு கிடைக்காது என்று தெரிந்தால் இரண்டு பேர்ச்சஸ் மட்டும் சோளம் வைத்து, மீதியில் போஞ்சி போடுங்கள். அந்த மூன்று வாரத்தில் செடி வாடினால் பட்டு நூல் பிந்தி வரும். அது வருவதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும். பொத்தி நுனியில் பல்லில்லாமல் சப்பையாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான். முழங்கால் உயரத்தில் கொஞ்சம் வாடினால் சோளம் பொறுத்துக்கொள்ளும், வேரும் ஆழம் தேடும். வாட விடுவதென்றால் அப்போது விடலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? இந்த மண்ணில் வேர் அரை மீற்றர் போயிருந்தால், செடி சிரமமில்லாமல் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 30 மில்லிமீற்றர். நாளுக்கு நான்கு என்றால் ஏழு நாள். கல்லுக்கட்டின் மேல்மண் ஓர் அடிதான் என்றால் மூன்று, நான்கு நாள். தினமும் ஹோஸ் பிடித்து இலையைக் கழுவுகிறதுபோல் தண்ணீர் தெளிப்பதால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு வாரம் தண்ணீர் நின்றால் தாங்காமல் போகும்.

கையால் பார்க்கிற முறையே எனக்கு நம்பிக்கை. செடிக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டை பிடித்து, மேலே எறிந்து பிடித்தாலும் உடையாவிட்டால் தண்ணீர் வேண்டாம். உருண்டை பிடித்து, எறிந்ததும் உடைந்தால் அன்றைக்கோ மறுநாளோ கட்டுங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் பிந்திவிட்டது. இலை உச்சி வெயிலில் சுருண்டு பின்னேரம் விரிந்தால் பயமில்லை. காலை ஒன்பது மணிக்கே வெங்காயத்தாள் மாதிரிச் சுருண்டு நின்றால் வேறு வேலையை விட்டுவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். மழை எவ்வளவு பெய்தது என்று அறிய, பக்கம் நேரான மீன் டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தால் போதும். அதில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் பேர்ச்சஸுக்கு 250 லீற்றர் கிடைத்துவிட்டது.

குழாய் வேலை

மலைநாட்டின் ஒரே சலுகை, மோட்டர் இல்லாமல் தண்ணீர் வரும். ஊற்றிலிருந்து துண்டு பத்து மீற்றர் கீழே இருந்தால் ஒரு பார் அழுத்தம். சொட்டு நீர்க் குழாய்க்கு அரையிலிருந்து ஒரு பார் போதும். தூவல் தலைக்கு (ஸ்பிரிங்ளர்) ஒன்றரையிலிருந்து இரண்டரை வேண்டும். சில தோட்டங்களில் ஊற்று நாற்பது, ஐம்பது மீற்றர் மேலே இருக்கும். அந்த அழுத்தத்தை நேரே சொட்டுக் குழாய்க்கு விட்டால் மூட்டுக்கள் கழன்று பறக்கும். துண்டுக்கு எட்டுப் பத்து மீற்றர் மேலே 200 லீற்றர் பீப்பாய் ஒன்றை வைத்து, மிதவை வால்வு போட்டு, அதிலிருந்து புதுக் குழாய் எடுங்கள். அழுத்தம் அந்தப் பீப்பாயில் உடைந்துவிடும். மணலும் அடியில் தங்கும்.

கறுப்புக் குழாய் மேடு பள்ளமாக ஏறி இறங்கி வந்தால் மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். ஊற்றில் தண்ணீர் நிறைய, இங்கே நூல் போல வருகிறது என்றால் முதலில் அந்த மேடுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு டீ (T) மூட்டும் சின்ன வால்வும் வைத்து, தண்ணீர் திறந்ததும் காற்றை வெளியே விட வேண்டும். ஊற்றில் குழாய் வாய் தண்ணீருக்கு ஓர் அடி கீழே, வலை கட்டி இருக்கட்டும். பீப்பாய்க்குக் கீழே 120 மெஷ் வடிகட்டி ஒன்று கட்டாயம். சருகு அழுகின தண்ணீர் சொட்டுத் துளையை ஒரு மாதத்தில் அடைத்துவிடும்.

பிரதான குழாய் சரிவில் இறங்கலாம். சொட்டுக் கிளைகள் சரிவுக்குக் குறுக்கே, மட்டமாகப் போக வேண்டும். கிளையையே கீழ்நோக்கி விட்டால் கடைசிச் செடிக்கு நிறைய, முதல் செடிக்குக் கொஞ்சம். வால்வை மூடிய பிறகும் குழாயில் இருக்கிற தண்ணீர் முழுக்கக் கீழ்த் துளையில் வடிந்து அந்த இடத்தைச் சேறாக்கும்.

செலவைக் குறைக்க ஜோடி வரிசை நடுங்கள். ஜோடிக்குள் 40 சென்ரிமீற்றர், அடுத்த ஜோடிக்கு 80. செடி எண்ணிக்கை அதேதான், ஆனால் இரண்டு வரிசைக்கு ஒரு கிளை. பேர்ச்சஸுக்கு 21 மீற்றர் குழாய். முப்பது சென்ரிமீற்றருக்கு ஒரு துளை, மணிக்கு இரண்டு லீற்றர் என்றால் பேர்ச்சஸுக்கு மணிக்கு 140 லீற்றர். பூப் பருவத்தில் ஐந்து நாளுக்கு ஒரு தடவை 500 லீற்றர் கொடுக்க மூன்றரை மணித்தியாலம் கொஞ்சம் கூட. வாங்குமுன் உங்கள் ஊற்றை அளந்துகொள்ளுங்கள். 20 லீற்றர் வாளி இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 லீற்றர். ஒரே நேரத்தில் நான்கு பேர்ச்சஸ் ஓடும். அதற்கு மேலே என்றால் வால்வு போட்டுப் பகுதி பகுதியாகத்தான்.

தூவல் தலை வைத்திருப்பவர்கள் மூன்று விசயம் பார்க்க வேண்டும். காற்று எழுமுன் விடியலில் ஓட்டுங்கள். தரையில் தண்ணீர் பளபளவென்று நின்று நகர ஆரம்பித்ததும் மூடி, அரை மணி விட்டு மறுபடி திறங்கள். மகரந்தம் உதிர்கிற நாட்களில் காலை எட்டு மணிக்கு மேலே பதினொன்று வரை ஓட்டாதீர்கள், மகரந்தம் நனைந்து கட்டியாகிவிடும்.

சொட்டுக் குழாய் வழியாக யூரியா கொடுக்கலாம். பேர்ச்சஸுக்குரிய 310 கிராமையும் ஒரே தடவையில் கொடுக்காமல் மூன்று பாசனமாகப் பிரித்தால் இன்னும் நல்லது. வாளியில் கரைத்து, துணியில் வடித்து, பாசன நேரத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் பீப்பாயில் ஊற்றி, பிறகு பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓட விடுங்கள். முதலிலேயே ஊற்றினால் பின்னால் வருகிற தண்ணீர் அதை வேருக்குக் கீழே தள்ளிவிடும். யூரியா கரையும்போது வாளி சில்லென்று குளிரும். அவசரப்பட்டால் அடியில் கட்டி நிற்கும். டீ.எஸ்.பி.யைக் குழாயில் விடவே கூடாது. சிவப்பு எம்.ஓ.பி.யில் கரையாத செம்மண் தூள் இருக்கும், அதுவும் வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல லயங்களில் குடிக்கிற பீலித் (மலை ஊற்றுக் குழாய்த்) தண்ணீரும் தோட்டத்துத் தண்ணீரும் ஒரே குழாய். மேலே தண்ணீர் நின்றுபோனால் குழாய் பின்னோக்கி இழுக்கும். பசளை ஊற்றுகிற பீப்பாய்க்குத் தண்ணீர் மேலிருந்து காற்றில் விழ வேண்டும். குழாய் வாய் பீப்பாய்த் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கக்கூடாது. அதேபோல, வீடுகளுக்கு மேலே சரிவில் தண்ணீர் தேக்க வெறும் மண் குழி வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மழைக்குப் பிறகு மலை எப்படி இறங்கியது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. தாங்கி வையுங்கள், அல்லது வீட்டுக்குக் கீழே தேக்குங்கள்.

மஞ்சளைப் படிப்பது

அடியிலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக 'வி' போல மஞ்சள் இறங்கினால் நைதரசன். அடியிலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் பொட்டாசியம். இளஞ்செடி ஊதாவானால் பொசுபரசு. வெயில் ஏறி இரண்டு வாரத்தில் தானே மாறினால் குளிர் மட்டும்தான். குருத்திலையில் வெள்ளைப் பட்டை நாகம்: பத்து லீற்றருக்கு 50 கிராம் சிங்க் சல்பேற்றும் 25 கிராம் நீறிய சுண்ணாம்பும் கரைத்துத் தெளிக்கலாம், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. முழுச் செடியும் வெளிறி, மண்ணைப் பிடித்தால் தண்ணீர் வடிந்தால் அது கான் வேலை. பெருமழைக்குப் பிறகு அவசரத்துக்குப் பத்து லீற்றருக்கு 100 கிராம் யூரியா கரைத்துப் பின்னேரம் இலைக்கு அடிக்கலாம், ஆனால் மேற்கட்டுக்குப் பதிலாக அதை நம்பக்கூடாது.

2018இல் வந்த படைப்புழுவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். யூரியா மிஞ்சி இலை மென்மையாகத் தழைத்த துண்டிலும், தண்ணீரில்லாமல் குருத்து விரியாமல் நிற்கிற துண்டிலும் அதன் சேதம் கூட. பன்றிக்கும் குரங்குக்கும் என்ன பசளை போட்டாலும் ஒன்றுதான்.

அவித்து விற்கிற பச்சைப் பொத்தி என்றால் உடைக்கும் வரை தண்ணீர் நிற்கக்கூடாது. கடைசி வாரம் காய்ந்தால் பல்லு சுருங்கி இனிப்புப் போய்விடும். முற்றவிட்டு மணியாக எடுப்பதென்றால் பொத்தித் தோல் வெளுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். உடைத்த பிறகு தட்டையை எரிக்காதீர்கள். செடி எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, தட்டையில்தான் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே கானின் மேல் ஓரமாக அடுக்கினால் அடுத்த மழையில் மண்ணையும் பிடிக்கும். மாட்டுக்கு வெட்டிக் கொடுப்பதானால் அந்த எரு இதே துண்டுக்குத் திரும்பி வரட்டும். வராவிட்டால் அடுத்த போகத்துக்கு எம்.ஓ.பி.யை 125 கிராமிலிருந்து 200க்கு ஏற்ற வேண்டியிருக்கும்.